ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

ஆகஸ்ட் 18, திங்கள்

புரோகிராம் எழுதுவதற்கான ஜாவாவை நிறுவுவதிலேயே இன்றைய நாள் போய்விட்டது. நிறுவினேன், ஓடவில்லை. அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், அப்போதும் ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் இந்த லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு பழைய ஜாவா உட்கார்ந்திருக்கிறது. நான் புதிதைக் கூப்பிடும்போதெல்லாம் பழசு எழுந்து வந்து நிற்கிறது. யார் போட்டது, எதற்குப் போட்டது, ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐந்து வருடமாக நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. தப்பைக் காட்டினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது டெஸ்டிங் டீமையே கலைக்கிறார்கள். டீம் லீட் ஷ்ரவண் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நிலா, உங்களுக்குன்னு ஒரு சான்ஸ் பேசி வாங்கிருக்கேன். அந்த ரத்தப் பரிசோதனை லேப் ப்ராஜெக்ட். சர்வரை மொதல்லேர்ந்து நீங்களே எழுதுங்க. தீபாவளிக்குள்ள ஓடிச்சுன்னா டெவலப்பர். இல்லேன்னா... பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' என்ன என்று எனக்கா தெரியாது? போன மாதம் இரண்டு பேருக்கு இதே 'பாப்போம்'தான். இப்போது அவர்களுடைய காலி நாற்காலியில் மற்றவர்கள் ஹெல்மெட் வைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா மீன் கடையைக் கட்டிவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். "இன்னாடி, மூஞ்சி சுண்டிப் போய் கீது?"

புது வேலை என்றேன். இன்னா வேலை என்றாள். எப்படிச் சொல்வது? லேப்காரர்கள் ஊர் முழுக்க இலவச முகாம் போடுகிறார்கள். ஒவ்வொரு முகாமிலிருந்தும் ஒரு எக்ஸெல் ஃபைல் வரும். என் சர்வர் அதை வாங்கி, குப்பையைச் சுத்தம் செய்து, ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் ரிசல்ட்டை அவரவர் போனுக்கு அனுப்ப வேண்டும். பைப்லைன் என்று பெயர்.

"படகுலேர்ந்து மீன் இறங்குது இல்லம்மா, வகை பிரிக்கிற, கழுவுற, கூடைல போட்டு அனுப்பற. அதான்" என்றேன்.

"இதுக்கா ஏசி ரூமு?" என்றாள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, லீவு. வீட்டில் உட்கார்ந்து முயற்சி செய்தேன். சர்வரைக் கிளப்பினால், சர்வர் உட்கார வேண்டிய போர்ட்டை ஏற்கெனவே வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்கிறது. இது என்ன பஸ் சீட்டா, கர்ச்சீப் போட்டுப் பிடிக்க? அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது — பிடித்து வைத்திருந்ததே நான்தான். நேற்று கிளப்பியதை நிறுத்தவே இல்லை.

கொழுக்கட்டை மட்டும் ஒழுங்காக வந்தது. அதுவும் சித்தி செய்தது.

செப்டம்பர் 3, புதன்

எக்ஸெல்லைக் கண்டுபிடித்தவர் என் கையில் கிடைத்தால் விடமாட்டேன். முதல் மாதிரி ஃபைல் வந்தது. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், பத்து இலக்கத்தையும் சுருக்கி 9.84E+09. வரிசையாக, மேலிருந்து கீழே, எல்லாருக்கும். இந்த நம்பருக்கு எந்த நாட்டில் போய் மெசேஜ் அனுப்புவது?

பக்கத்து சீட் வஜீஹாதான் இந்த ஆபீஸில் ஜாவா ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள். ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள், கேட்டால் மட்டும் கழற்றுவாள். இன்று கழற்றினாள். "எக்ஸெல்ல அது நம்பர், நிலா. உனக்கு அது எழுத்து. படிக்கும்போதே எழுத்தா படி. லேப்காரங்க கிட்டயும் அப்படியே அனுப்பச் சொல்லு." மறுபடி மாட்டிக்கொண்டாள்.

சரியாகிவிட்டது. ஆனால் நான் காலையிலிருந்து பாத்ரூம்கூடப் போகாமல் முட்டிக்கொண்டிருந்தேனே, அதற்கு யார் பதில் சொல்வார்கள்?

செப்டம்பர் 9, செவ்வாய்

மெமரி போதவில்லை என்று செத்துப்போனது. மூன்று தடவை. ஃபைல் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்லியிருக்கிறேன் நான். "ஒரு குண்டான் சோத்தை ஒரே வாயில திணிப்பியா? வரிவரியா படிக்க வை" — வஜீஹா, ஹெட்போனைக் கழற்றாமலே.

ஐந்து வருடம் மற்றவர்கள் தப்பை எவ்வளவு சுலபமாகச் சிவப்பு எழுத்தில் குறித்துக் கொடுத்தேன்! இப்போது திரை முழுக்கச் சிவப்பு. எல்லாம் எனக்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரட்டைப் பதிவுப் பிரச்சினை. ஒரே ஆள் மந்தைவெளி முகாமுக்கும் போகிறார், அடையாறு முகாமுக்கும் போகிறார். பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால் பெயரை எழுதுகிற லட்சணம் தாங்கவில்லை. வேலம்மா — எங்கள் அம்மா பெயரும் அதுதான் — அந்த ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்திருக்கிறார்கள். இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, இல்லவே இல்லாமல் ஒரு தடவை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயரைத் தொடவே வேண்டாம். போன் நம்பர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா — மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். கடைசியாக வந்த ரிசல்ட்டை வைத்துக்கொண்டு முந்தையதை ஓரம் கட்டு. ஒரே போன், ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்கள் என்றால் இரட்டைப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை இரட்டைப் பிள்ளைகள் இருந்துவிடப் போகிறார்கள்?

ஷ்ரவணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பிரமாதம், நிலா. சிம்பிளா இருக்கு" என்றார். இந்த ப்ராஜெக்ட்டில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே 12B பஸ் ஏறினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எங்கள் பட்டினப்பாக்கம் குடியிருப்பிலேயே லேப் முகாம். நான்தான் அம்மாவையும் சித்தியையும் விரட்டி அனுப்பினேன். சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி, பொன்மணி. அப்பா போன பிறகும் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையல்தான். வீட்டுக்கு நம்பர் என்றால் என் நம்பர்தான் — கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும். சித்தப்பாவிடம் போன் உண்டு. ஆனால் அது மாதம் ஒருமுறை கடலில் விழும், நம்பர் மாறும்.

இரண்டு பேரும் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். "உங்க அம்மா ஊசியப் பாத்து கண்ண மூடிக்கினா. சுறாவ வெட்றவ!" என்று சித்தி சிரிக்கிறாள்.

அக்டோபர் 1, புதன்

ஆபீஸில் ஆயுத பூஜை. என் லேப்டாப் மூடிக்குச் சந்தனம், குங்குமம். சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் மூட வேண்டாம் என்று கத்தினேன். கேட்கவில்லை, மூடி, பொட்டு வைத்து, சூடம் காட்டி, திறந்து கொடுத்தார்கள். சர்வர் போயே போச்சு. மறுபடி கிளப்பினேன். முதல் தடவையாக, மேலே ஃபைலைப் போட்டால் கீழே மெசேஜ் வரைக்கும் ஒரு சிவப்பு எழுத்து இல்லாமல் ஓடியது. குங்குமத்தைத் துடைக்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நிஜ ஓட்டம். பட்டினப்பாக்கம் முகாமை மட்டும் வைத்து வெள்ளோட்டம் பார்த்தோம். நான் பாண்டி பஜார் தீபாவளிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வரும்போது பையில் போன் அதிர்ந்தது. நானே எழுதிய சர்வர், எனக்கே அனுப்பிய மெசேஜ்! 'பொன்மணி, உங்கள் ரத்தச் சர்க்கரை 104. சரியான அளவு.' அந்த நெரிசலில் நின்று இரண்டு தடவை படித்தேன். பின்னால் வந்த அம்மாள், "வழில நின்னு இன்னா படிப்பு?" என்று இடித்துக்கொண்டு போனாள். போகட்டும்.

வீட்டில் படித்துக் காட்டினேன். சித்திக்குத் தலைகால் புரியவில்லை. சாயந்திரம் டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

"எனுது?" என்றாள் அம்மா.

"வரும்மா. லேப்ல லேட் பண்ணுவாங்க."

அக்டோபர் 9, வியாழன்

அம்மா மறுபடி கேட்டாள். "அந்த ரத்தம் எட்தாங்களே, இன்னா ஆச்சு?" ஷ்ரவண் அப்போதுதான் பிரசன்டேஷன் மாற்றச் சொல்லி மூன்றாவது மெசேஜ் போட்டிருந்தார். "ஏம்மா நச்சரிக்கிற, வரும்போது வரும்!" என்று கத்திவிட்டேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். காலில் பழைய துணி சுற்றியிருந்தாள். மீன் முள் குத்தியதாம், போன வாரம்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் லேப்காரர்களுக்குப் பிரசன்டேஷன். வெள்ளிக்கிழமை முதல் எல்லா முகாமும் என் சர்வரில் ஓடும். இதுவரை நடந்த மற்ற முகாம்களின் ஃபைல்களையும் ஓட்டிப் பார்த்ததில் இரட்டைப் பதிவு இத்தனை நீக்கினோம் என்று ஷ்ரவண் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினார். கை தட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

சீட்டுக்கு வந்ததும், சரி, லேப் ஏன் அம்மா ரிசல்ட்டைத் தாமதிக்கிறது பார்ப்போம் என்று என் நம்பரைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு ஆள். பொன்மணி. 104.

உள்ளே வந்த ஃபைலைத் திறந்தேன். இரண்டு வரி இருக்கிறது. இரண்டு வரி! முதல் வரி வேலம்மா. சர்க்கரை 342. அடுத்த வரி பொன்மணி. இரண்டு பேருக்கும் என் நம்பர். இரண்டு பேரும் பெண். இரண்டு பேருக்கும் பிறந்த தேதி 01-01-1972.

ஐயோ. அது பிறந்த தேதியே இல்லையே. எனக்குத் தெரியுமே அது! 2012-இல் அடையாள அட்டை எடுக்கப் போனபோது நான்தானே கூட நின்றேன். வயசு என்னம்மா என்று கேட்டார்கள், அம்மா "நாப்பது இருக்கும், போடு" என்றாள். பின்னால் நின்ற சித்தி, "எனுக்கும் அத்தயே போடு" என்றாள். வருஷம் மட்டும்தான் அட்டையில். முகாமில் தேதி இல்லாமல் எக்ஸெல் வாங்காது, அதனால் ஜனவரி ஒன்று. இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் அந்த ரூலை எழுதினேன். நான்தான். வேற யாரும் இல்ல.

அம்மாவ ஓரம் கட்டிட்டேன். 342. ஒரு வாரமா எங்கிட்ட கேட்டுட்டே இருந்துச்சு. கத்தினேன் வேற. அந்தக் கால் துணி...

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபீஸுக்குப் போகவில்லை. சாந்தோமில் கிளினிக். கால் துணியைப் பிரித்துப் பார்த்த டாக்டர் என்னைத்தான் திட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டுமாம். "படிச்ச பொண்ணு வீட்ல இருந்தும் இப்படியா?" படித்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆட்டோவில் அம்மாவிடம் சொன்னேன். மறைக்க முடியவில்லை.

"மிஷினு தப்பா பண்ட்சா?"

"மிஷின் இல்லம்மா. நான் தப்பா எழுதிட்டேன். நீயும் சித்தியும் ஒரே ஆளுன்னு எழுதிட்டேன்."

அம்மா கட்டுப் போட்ட காலை இழுத்துச் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு, "என்னியும் அவளையுமா? அவ வெக்கிற கொழம்ப வாய்ல வெக்க முடியுமாடி?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகிவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

அக்டோபர் 15, புதன்

ஷ்ரவணிடம் சொன்னேன். முதலில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார், நிஜமாகத்தான் கேட்டார். பிறகு, "இது ஒண்ணு ரெண்டு கேஸ்தானே? வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுடுவோம். தீபாவளி முடிஞ்சு சரி பண்ணிக்கலாம்" என்றார்.

நீக்கிய பதிவுகளைத் திறந்து காட்டினேன். பாதிக்கு மேல் ஜனவரி ஒன்று. ஆற்றோரம், கடலோரம், ஊருக்கு வெளியே தூக்கிப் போட்ட குடியிருப்புகள் — அங்கேயெல்லாம் அண்ணியும் நாத்தனாரும்கூட ஒரே ஆளாகியிருக்கிறார்கள்.

அவர் திரையையே பார்த்தார். "ஒரே போன இத்தனை பேரா வெச்சிண்டிருப்பா?" பதற்றமானால் ஷ்ரவணுக்கு மயிலாப்பூர் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"எங்க வீட்டுல நாலு பேர், ஷ்ரவண்."

"சரி, இந்த ரூலை எடுத்துட்டா? ஒரே ஆளுக்கு ரெண்டு மெசேஜ் போகும். க்ளையன்ட் சிரிப்பாங்க நிலா! முந்தாநாள்தானே மேடை போட்டுக் காட்டினோம்!"

"ரெண்டு வந்தா சிரிப்பாங்க. ஒண்ணுமே வரலேன்னா?"

நான் சீட்டுக்கு வந்து ரூலை எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எடுத்துவிட்டு லேப்காரர்களுக்கும் ஷ்ரவணுக்கும் சேர்த்தே மெயில் போட்டேன்: வெள்ளிக்கிழமை ஆரம்பிக்க முடியாது, காரணம் இது, எழுதியது நான். வஜீஹா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, டீ வாங்கிவந்து வைத்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆரம்பிக்கவில்லை. ஷ்ரவண் என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா அதிரசத்தைப் பார்த்தாள். அதிரசம் அம்மாவைப் பார்த்தது. சித்தி தட்டைத் தூக்கிக்கொண்டு மேல்மாடி வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

நான் டெவலப்பர் ஆகவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விடவில்லை. மேனேஜ்மென்ட் கூட்டிவைத்துப் பேசினார்கள். லேப்காரர்கள் முதலில் குதித்தார்கள், பிறகு அவர்களே சரிபார்த்துவிட்டு அடங்கிவிட்டார்களாம். என் தலைக்குக் கத்தி வருகிறது என்று பார்த்தால், ஜனவரி வரை நீட்டிப்பு. டெவலப்பரும் இல்லை, டெஸ்டரும் இல்லை. ஆபீஸ் அட்டையில் 'பயிற்சி' என்று போட்டிருக்கிறது. இருபத்தொன்பது வயதில் பயிற்சி! ஷ்ரவண்தான் பேசி வாங்கினார் என்று வஜீஹா சொன்னாள். என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் பேசியிருக்கிறார்.

இனிமேல் சந்தேகமான பதிவுகளைச் சர்வர் சேர்க்காது, தனியாக ஒதுக்கி வைக்கும், ஆள் பார்த்துதான் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஓரம் கட்டியவர்களில் சர்க்கரை கூடியவர்களை போனில் பிடித்துச் சொல்ல வேண்டும். யார் சொல்வது? எழுதியவள்தான்.

அக்டோபர் 31, வெள்ளி

ஒரு மனுஷரும் பேச விட மாட்டேன் என்கிறார். "அம்மா, லேப்லேர்ந்து பேசறேன்" என்று ஆரம்பித்தால், "லோனு வேணாம்மா", டொக். "உங்க வீட்டுல இன்னொருத்தரும் டெஸ்ட் எடுத்தாங்களே?" என்றால், "உனுக்கு இன்னா அத்தப் பத்தி? ஓடிபி கேப்ப அப்பால?" டொக். ஒருவர் என் குலத்தையே இழுத்துத் திட்டினார். அவர் மனைவிக்கு 290. திரும்பத் திரும்ப அடித்தேன். ஆறாவதோ ஏழாவதோ தடவை அந்தப் பெண்ணே எடுத்தாள். சொன்னேன். "அதான் தண்ணி தாகமா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஜாவா பரவாயில்லை. திட்டாமல் சாகும்.

நவம்பர் 6, வியாழன்

புது ரூலோடு எல்லா முகாமும் ஓடத் தொடங்கியது. கைதட்டல் இல்லை, பிரசன்டேஷன் இல்லை. இரண்டு மெசேஜ் வந்தது என்று புகார் செய்து ஒருவர் மட்டும் கூப்பிட்டார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை.

நவம்பர் 12, புதன்

அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். புண் ஆறிக்கொண்டு வருகிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனாலும் சரியில்லை. கம்ப்யூட்டரில் புதிதாகப் பதிய வேண்டும் என்று ரிசப்ஷன் பெண் கூப்பிட்டாள்.

"பிறந்த தேதி?"

"ஐப்பசி அடமழைல பொறந்தேன், எழுதிக்கோ" என்றாள் அம்மா. அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், பேசாமல் 01-01 அடித்தாள்.

"போன் நம்பர்?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன பட்டன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எப்போது வாங்கினாள், யாரை வைத்து வாங்கினாள், எனக்குத் தெரியாது. போனைப் பார்க்காமலே நம்பரைச் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறி, முதலிலிருந்து மறுபடி சொன்னாள், சரியாக.

வெளியே வந்ததும், "என் நம்பரே இருக்கேம்மா, எதுக்கு இது?" என்றேன்.

"உன் நம்பர்ல ரொம்ப கூட்டம்டி" என்றாள் அம்மா.